காதர் தவறாக அடிக்காத எண்

போன மாதம் என்னைக் கம்பெனிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டர் கணக்கில் தானே கடைகிற சி.என்.சி. லேத் ஒன்று புதிதாக வந்திருக்கிறது, முதல் ஓட்டத்தை நீங்களும் வந்து பாருங்கள் என்று மகேஸ்வரி போனில் சொன்னாள். பராமரிப்புப் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. நான் ஓய்வு பெறும்போது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த பெண். ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறி, முப்பது வருடத்துக்கு மேல் இறங்கிப் பழகிய அதே நிறுத்தத்தில் இறங்கினேன். வாட்ச்மேன் புது ஆள். பெயர் கேட்டு எழுதிக்கொண்டுதான் உள்ளே விட்டார்.

மெஷினைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். மகேஸ்வரி விளக்கினாள்.

"நம்ம பழைய மெஷினுக எல்லாம் மோட்டார் எம்புட்டு சுத்துச்சுன்னு பாத்து, அப்ப டூலு இங்கதான் நிக்கும்னு ஒரு கணக்குப் போடும். இது அப்படி இல்ல. டூலைச் சுமக்குற மேடையிலயே கண்ணாடி அளவுகோல் பதிச்சிருக்கு. மேடை நெசமா எங்க நிக்குதோ அதை நேராப் படிச்சிரும். மோட்டார் சொல்றதும் மேடை சொல்றதும் ஒரு முடி அளவு மாறுனாலும் மெஷின் தானா நின்னுரும்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு அங்கே நிற்க முடியவில்லை. சைக்கிள் கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். மகேஸ்வரி பின்னாலேயே வந்தாள்.

"என்ன சார், மேலுக்கு முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இந்த அளவுகோல் அன்னைக்கு நம்மகிட்ட இருந்திருந்தா ஒரு ஆளு…" என்று ஆரம்பித்தேன்.

"எழுதிக் குடுங்க சார். நாங்க படிக்கோம்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் சண்முகவேல். எங்கள் வீட்டில் பெரியண்ணன் பட்டாளம், சித்தப்பா போலீஸ். என்னையும் அந்த வழியில் அனுப்பத்தான் அப்பா நினைத்தார். மார்பளவு போதவில்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தேன். ஒரு நூற்பாலையில் கொஞ்ச காலம் மோட்டார் கழற்றி மாட்டினேன். பிறகு, நூற்பாலைகளுக்கு ரோலர், ஸ்பிண்டில் மாதிரியான உதிரிபாகங்கள் செய்யும் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். முதல் சி.என்.சி. மெஷின் வாங்கியபோது என்னைப் பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே பாதி புரிந்தது. மீதி, மெஷின் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் புரிந்தது.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் வெங்கடபதி சார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அரைக்கை வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதில் ஒருநாளும் எண்ணெய்க்கறை பார்த்ததில்லை. ஆனால் மெஷினைத் தொடாமல் ஒருநாளும் இருந்ததில்லை. பழகுநர் பையனைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். செய்து முடித்த உருப்படியைக் கையில் எடுக்கும் முன் பஞ்சு வேஸ்டால் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வார். அளந்து பார்த்துவிட்டு, வைத்த இடத்திலேயே, வைத்திருந்த திசையிலேயே திரும்ப வைப்பார்.

ஒரு மெஷினில் பழுது என்றால் அவரிடம் போய்ச் சொல்ல ஒரு முறை உண்டு. "என்ன பாத்தீங்க? என்ன கேட்டீங்க? என்ன நினைக்கீங்க?" என்று வரிசையாகக் கேட்பார். மூன்றையும் கலந்து சொல்லக் கூடாது. கண்ணால் பார்த்தது தனி, காதில் விழுந்த சத்தம் தனி, நம்முடைய ஊகம் தனி. ஊகத்தை முதலில் சொல்லிவிட்டால் கையை உயர்த்தி நிறுத்துவார். "அது கடைசி. நீங்க நினைக்கிறது மெஷினுக்குத் தெரியாது, சண்முகம்" என்பார். கோபம் வந்தாலோ மனசு கலங்கினாலோ மட்டும், எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் "நாயனா" என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து விழும். தெலுங்கில் அப்பா என்று அர்த்தம்.

காதர் மொய்தீன் அவருக்குப் பிடித்த ஆள். எங்கள் கம்பெனியில் கைலேத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கையால் சக்கரம் சுற்றி டூலை நகர்த்துகிற பழைய லேத் அது. அதில் பேரெடுத்த பல பேர் சி.என்.சி. வந்தபோது முகம் சுளித்தார்கள். காதர் அப்படி இல்லை. மெஷினை இறக்கி வைத்த அன்றைக்கே அதன் திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

"கையால சுத்துனது போதும்ணே. இனிமே எழுதிக் குடுத்தா அது பாத்துக்கிடும். மெஷினு பொய் சொல்லாதுல்லா" என்று என்னிடம் சொன்னான்.

கொஞ்ச காலத்தில் அதிலும் அவனே முதல் ஆள் ஆனான். ராஜபாளையத்தில் வீடு. மனைவி ஜன்னத், ஒரே மகள். அரைப் பரீட்சை லீவில் இரண்டு குடும்பமுமாக அய்யனார் கோவில் அருவிக்குப் போவோம். பாறை வழுக்கும் இடத்தில் என் பிள்ளைகளையும் அவன் மகளையும் ஒவ்வொருவராகத் தூக்கிக் கடத்தி விடுகிறவன் அவன்தான். எங்கள் யாருக்கும் பயம் வந்ததில்லை. அவன் கையில் கொடுத்தால் கொடுத்ததுதான்.

பல வருடங்கள் கழித்து நீள ரோலர் ஆர்டர் ஒன்று வந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், விரல் தடிமன். அதைக் கடைவது கஷ்டம். நடுவில் வளைந்துகொடுக்கும், நடுங்கும். சூடு ஏறாமல் இருக்கக் கூலன்ட் என்கிற, எண்ணெய் கலந்த வெள்ளைத் தண்ணீர் விடாமல் கொட்ட வேண்டும். கூலன்ட் குழாயை மற்ற வேலைக்கு வைப்பதைவிட உயரமாகத் தூக்கி வைத்தால்தான் ரோலர் முழுக்க நனையும். இந்த வேலையைக் காதரிடம் மட்டும்தான் கொடுத்தார்கள். கெட்டிக்காரனிடம்தானே கஷ்டமான வேலை போகும்.

அந்த ரோலர் ஓட ஆரம்பித்த பிறகுதான் அளவு தப்ப ஆரம்பித்தது.

தினமும் அல்ல. பத்து நாள் சுத்தமாக ஓடும். திடீரென்று ஒரு உருப்படி தடிமன் கூடி வரும். இந்த இடத்தில் ஆஃப்செட் என்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். டூலின் நுனி எங்கே இருக்கிறது என்று மெஷினுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் எண் அது. உருப்படி தடித்து வந்தால் அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்து அடிப்போம். டூல் அந்த அளவு உள்ளே தள்ளி நிற்கும். அடுத்த உருப்படி சரியாக வரும். காதரும் அப்படித்தான் செய்தான். ஒவ்வொரு முறை அளவு தப்பும்போதும் கொஞ்சம் குறைத்தான்.

என்னிடம் வந்து சொன்னான். நானும் மெஷினைப் பார்த்தேன். டூல் மேடையில் டயல் மானியை ஒட்டி வைத்து, முன்னும் பின்னும் பலமுறை ஓட்டினேன். முள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. திரையில் எண்ணும் சரி. வேறு ஆட்களை வைத்து வேறு உருப்படி ஓட்டிப் பார்த்தோம். ஒரு பிசகும் இல்லை.

காதர் ஓட்டினால் மட்டும் வருகிறது என்று பட்டறையில் பேச ஆரம்பித்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

ஒரு நாள் காலை ஷிப்ட். நான் அடுத்த மெஷினில் விசிறி மாற்றிக்கொண்டிருந்தேன். ரோலர் கடையும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று அது மாறியது. இரும்பை இரும்பு கவ்வுகிற சத்தம். அடுத்த கணம் வெடித்த மாதிரி ஒரு அடி. ஓடினேன். டூல் ரோலருக்குள் ஆழமாகப் புதைந்திருந்தது. வளைந்த ரோலர் பிடியிலிருந்து தெறித்து, சுழன்ற வேகத்தில் கதவுக் கண்ணாடியை உள்ளிருந்து அடித்திருந்தது. கண்ணாடி முழுக்க விரிசல். ஆனால் உடைந்து விழவில்லை. அதற்கு இந்தப் பக்கம், முகத்துக்கு நேரே, காதர் நின்றிருந்தான். ஒரு கீறல்கூட இல்லை. கை மட்டும் சிவப்புப் பொத்தான் மேலேயே அழுத்தியபடி இருந்தது. நான்தான் பிடித்து எடுத்தேன்.

வெங்கடபதி சார் வந்தார். திரையில் ஆஃப்செட் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். குறைத்துக் குறைத்து மைனஸ் புள்ளி பூஜ்யம் எட்டு அளவில் இருக்க வேண்டிய எண், மைனஸ் புள்ளி எட்டு என்று நின்றது. தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போன மாதிரி. அந்த அளவுக்கு டூல் உள்ளே போனால் விரல் தடிமனுள்ள ரோலர் வளையத்தான் செய்யும்.

அவருடைய அறையில் காதரை உட்கார வைத்துக் கேட்டார். நானும் இருந்தேன்.

"என்ன பாத்தீங்க, காதர்?"

"டூலு உள்ள போறதைப் பாத்தேன் சார்."

"இவ்வளவு பெரிய எண் எப்படி வந்துச்சு?"

"அளவு தப்புனப்பல்லாம் கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சேன் சார். சேந்திருக்கும்."

"டூல் தேய்ஞ்சா இவ்வளவு தேயாதே. இன்னைக்குக் காலையில திருத்தினீங்களா?"

"ஆமா சார்."

"புள்ளி சரியான இடத்துல போட்டீங்களா?"

"போட்டேன்னுதான் நினைக்கேன் சார்."

"நினைக்கேன்னா?"

காதர் தன் விரல்களைப் பார்த்தான். வேறு ஒருவனாக இருந்தால் அடித்துப் பேசியிருப்பான். அவன் செத்த நேரம் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். பிறகு சொன்னான்.

"மெஷினு சொன்னதைத்தான சார் செய்யும். நாந்தான் மாத்தி அடிச்சிருப்பேன் போல."

வெங்கடபதி சார் கையை உயர்த்தவில்லை. அது ஊகம், கடைசியில் சொல்ல வேண்டியது என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. முதலாளி வீட்டிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டார்.

மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து சர்வீஸ் எஞ்சினியர் வந்தார். மோட்டாரையும் டூல் மேடையை நகர்த்தும் திருகுத் தண்டையும் இணைக்கிற கப்ளிங்கைத் திறந்தார். அந்த இணைப்பில் ஆணி எதுவும் கிடையாது. இறுக்கிப் பிடித்திருக்கும் பிடிமானம்தான் எல்லாம். அது லேசாக வழுக்கியிருந்தது. "மோதின வேகத்துல வழுக்கியிருக்கு. இது சகஜம்" என்று துடைத்து, இறுக்கி, மூடிவிட்டுப் போனார். மோதியதால் வழுக்கியதா, வழுக்கியதால் மோதியதா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மெஷினை ஒரு வாரம் என்னிடம் விடுங்கள், ரோலரையே ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டேன்.

"காரணம் கிடைச்சாச்சு, சண்முகம். நமக்குப் பிடிக்காத காரணம்னாலும் அது காரணம்தான்" என்றார் வெங்கடபதி சார். குரல் உயரவில்லை. ஆர்டர் பாதியில் நின்றிருந்தது.

காதரை வேலையை விட்டு அனுப்பவில்லை. சி.என்.சி.யிலிருந்து எடுத்து, பிசிறு தேய்க்கும் மேஜைக்கு மாற்றினார்கள். யாரும் திட்டவும் இல்லை. திட்டியிருந்தாலாவது எதிர்த்துப் பேசியிருப்பானோ என்னவோ. தேய்த்த உருப்படியை அவன் பக்கத்து ஆளிடம் காட்டி, "இது சரியா இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தான். முதலில் எப்போதாவது. பிறகு ஒவ்வொன்றுக்கும். பக்கத்து ஆள் சிரித்தான், பிறகு சலித்தான். அந்த வருடம் முடிவதற்குள் காதர் தானே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான். தளவாய்புரத்தில் அவன் மச்சான் நைட்டி தைக்கும் கூடம் வைத்திருந்தார். அங்கே துணி மடித்துக் கட்டுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

நீள ரோலர் ஆர்டர் பல மாதம் கழித்துத் திரும்ப வந்தது. இந்த முறை அதைக் குருசாமி என்பவர் ஓட்டினார். ஓட்டம் ஆரம்பிக்கும் முன் கப்ளிங் மூடியைத் திறந்து, தண்டிலும் கப்ளிங்கிலும் சேர்ந்தாற்போல வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்தேன். இணைப்பு வழுக்கினால் கோடு இரண்டாகப் பிரியும். மனசு கேட்காமல் செய்தேனே தவிர, எதையோ கண்டுபிடிக்கப் போகிறேன் என்று செய்யவில்லை.

குருசாமி ஒரு நாள் கையில் உருப்படியோடு வந்தார். "அளவு கூடியிருக்குண்ணே. நான் ஒண்ணுமே மாத்தலையே" என்றார். ஆஃப்செட் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லி, மெஷினை நிறுத்தி மூடியைத் திறந்தேன். கோடு பிரிந்திருந்தது. மெஷின் எங்கேயும் மோதவில்லை. ஆனாலும் பிரிந்திருந்தது. விரலால் தொட்டேன். வழவழவென்று ஈரம்.

மேலே தகர மூடியின் ஓரத்து ரப்பர் ஓர் இடத்தில் கிழிந்திருந்தது. கூலன்ட் குழாயை உயரமாகத் தூக்கி வைத்தால் மட்டும் தெறிக்கிற தண்ணீர் அந்தக் கிழிசலைத் தொடும். சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, பிடிமானத்துக்குள் எண்ணெய்ப் பசை சேரும். கொஞ்ச நாளில் வழுக்கும். மோட்டார் சொன்ன சுற்றைச் சுற்றிவிடும், திரையும் சரியான எண்ணைக் காட்டும், மேடை மட்டும் வேறு இடத்தில் நிற்கும். வேறு வேலை ஓட்டினால் அந்தப் பக்கம் தண்ணீர் போகாது. காய்ந்துவிடும். சோதித்தால் ஒன்றும் தெரியாது. ரோலர் ஓடும்போதுதான் வரும். ரோலர் ஓட்டியவன் காதர் மட்டும்தான். திரையில் நின்ற அந்தப் பெரிய எண், அவன் புள்ளி தவறியதால் வந்ததல்ல. மெஷின் ஒவ்வொரு முறை வழுக்கியபோதும் அவன் ஒழுங்காகத் திருத்தித் திருத்திச் சேர்ந்தது; ஷிப்ட் நோட்டில் அவன் குறித்திருந்த திருத்தங்களைக் கூட்டினால் அந்த எண்தான் வந்தது. அதுவரை கொஞ்சங்கொஞ்சமாக வெளிப்பக்கம் வழுக்கிய மேடை, அன்று காலை ஒரேயடியாக உள்பக்கம் வழுக்கி டூலை ரோலருக்குள் தள்ளியிருக்கிறது.

வெங்கடபதி சாரைக் கூப்பிட்டு, பார்த்ததை மட்டும் சொன்னேன். என்ன நினைக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. பஞ்சு வேஸ்டால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து அந்தக் கோட்டைத் தொட்டார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"நாயனா" என்றார். என்னைச் சொன்னாரா, காதரைச் சொன்னாரா தெரியவில்லை.

அடுத்த நாளே, ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லோரையும் நிற்க வைத்து நடந்ததைச் சொன்னார். "தப்பு காதர் மேல இல்ல. முதல் தப்பு மூடி மேல. ரெண்டாவது தப்பு என் மேல" என்றார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தளவாய்புரம் போனோம்.

தையல் கூடத்தின் பின்பக்கம் காதர் துணி மடித்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் வேகமாக எழுந்து, சாருக்கு நாற்காலி போட்டான். அவர் உட்காரவில்லை.

"காதர், உங்க மேல ஒரு தப்பும் இல்ல. மெஷின்தான் வழுக்கியிருக்கு. நான் அவசரப்பட்டுட்டேன். என்னை மன்னிக்கணும்" என்றார், நின்றபடியே.

நான் கப்ளிங், ரப்பர், தண்ணீர் எல்லாவற்றையும் விளக்கினேன். காதர் தலையாட்டிக் கேட்டான். எல்லாம் முடிந்ததும் சிரித்தான்.

"சாருக்கு நல்ல மனசு. அதுக்காக அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து சொல்லுதிய. ஆனா அடிச்சவன் நானுல்லா சார்? அந்தப் புள்ளியை விட்டுட்டு அடுத்த பட்டனுக்கு என் விரலு போனது, இப்பவும் கண்ணு முன்னால நிக்கி."

அப்படி ஒன்று நடக்கவே இல்லை. நடந்திருக்க முடியாது. அவன் பொய் சொல்கிறவனும் இல்லை. பல மாதமாக நினைத்து நினைத்து, நடக்காத ஒன்றை அவன் கண்ணால் பார்த்துவிட்டிருந்தான்.

அன்றைக்கு அவன் வீட்டுக்கும் போனோம். ஜன்னத் எங்களை வாசலிலேயே தள்ளி நிறுத்திச் சொன்னாள். "அவியளா கேஸை அணைக்க மாட்டாவ அண்ணே. அணைச்சாலும் என்னைக் கூப்பிட்டு, பூட்டியிருக்கா பாருன்னு கேப்பாவ. வண்டியை வித்தாச்சு. மக பிள்ளை பெத்து வந்திருக்கா. பேரனை ஒரு நாளு கையில வாங்கல. நீ வச்சுக்கோ, நீ வச்சுக்கோன்னு ஒதுங்கிப் போறாவ."

வெங்கடபதி சார் விடவில்லை. அடுத்த வார விடுமுறையில் காதரைக் காரில் அழைத்து வந்தார். பட்டறையில் எங்கள் மூன்று பேரைத் தவிர ஆள் இல்லை. நான் கிழிந்த பழைய ரப்பரையே திரும்ப மாட்டி, கப்ளிங்கில் தண்ணீர் இறங்கவிட்டு, அவன் கண் முன்னால் ரோலரை ஓட்டினேன். மூடியைத் திறந்து, பிரிந்த கோட்டைக் காட்டினேன். டயல் மானியை அவன் கையாலேயே வைக்கச் சொன்னேன். முள் திரும்ப வரவில்லை.

காதர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமாண்ணே. வழுக்குது" என்றான். வெங்கடபதி சார் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப நீங்களே ஒரு உருப்படி ஓட்டுங்க. புது ரப்பர் போட்டாச்சுன்னா பயமே இல்ல. நாளைக்கே இந்த மெஷினுக்கு வந்துருங்க" என்றார்.

ரப்பரை மாற்றி, கப்ளிங்கைத் துடைத்து இறுக்கிக் கொடுத்தேன். காதர் திரைக்கு முன்னால் நின்றான். எண்களை அடித்தான். விரலில் பழைய வேகம் இருந்தது. ஓட்டும் பொத்தானுக்குப் போன விரல் பாதியில் நின்றது.

"அண்ணே, ஆஃப்செட்டை ஒருக்கா பாத்துருங்க."

பார்த்தேன். "சரியா இருக்கு. ஓட்டு."

விரல் மறுபடி போனது. நின்றது. "இன்னொருக்கா பாத்துருங்கண்ணே."

பார்த்தேன். சரியென்றேன். மறுபடியும் கேட்டான். சட்டை முதுகில் ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது. வெங்கடபதி சார் மெல்ல நடந்து பட்டறைக்கு வெளியே போய்விட்டார். போய்ப் பார்த்தபோது கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அவரை அப்படி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

காதர் வேலைக்குத் திரும்பவில்லை. வெங்கடபதி சார் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் வீட்டுக்குப் போய் வந்தார். ஒவ்வொரு முறையும் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் காதர் சிரித்துக்கொண்டே, "இன்ஷா அல்லா, பாப்போம் சார்" என்றான். சார் காலமான செய்தியை நான்தான் போய் அவனிடம் சொன்னேன். "என்னால அவியளுக்கு எம்புட்டு மனக்கஷ்டம்" என்று அழுதான்.

மூன்று வருடத்துக்கு முன் காதருக்கு நுரையீரலில் நோய் என்று கண்டார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நான் வாரத்தில் பாதி நாள் போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு சாயங்காலம், ஜன்னத் உள்ளே கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். காதர் கையசைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுடா."

"நீங்களும் சாரும் சொன்னதை நான் பல தடவை நினைச்சுப் பாத்துட்டேன். கோடு பிரிஞ்சதைக் கண்ணால பாத்தேன். நீங்க சொல்லுததுதான் நெசமா இருக்கும்னு தோணுது. ஆனா அது நெசம்னா…" மூச்சு வாங்கினான். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "நான் ஒரு தப்பும் செய்யலைன்னா, இம்புட்டு வருசம் எதுக்குண்ணே பயந்து கெடந்தேன்? பேரனைக்கூடத் தூக்கலையே. அவன் இப்ப என் தோள் உசரம் வந்துட்டானே."

அவன் கண்ணில் அன்றைக்கு இருந்த பயம், அந்த விரிசல் விட்ட கண்ணாடிக்கு முன் நின்றபோதுகூட நான் பார்த்திராதது. அவனுக்கு அந்தத் தவறு வேண்டியிருந்தது. அது இல்லையென்றால் அவன் விட்டுக்கொடுத்த எல்லாவற்றுக்கும் காரணமே இல்லாமல் போய்விடும். அவன் நிரபராதி என்று இத்தனை வருடமாக நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

"கப்ளிங்கு வழுக்கினது நெசந்தான், காதரு" என்றேன். "ஆனா அன்னைக்குக் காலையில நீயும் புள்ளியை மாத்தித்தான் அடிச்சிருக்கே. ரெண்டும் சேந்துதான் மோதுச்சு. சாருக்கும் அது தெரியும். உன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லாம இருந்தோம்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு அவன் முகம் தளர்ந்தது.

"அப்படிச் சொல்லுங்க. எனக்குத் தெரியும்லாண்ணே" என்றான். "நான் பயந்தது சரிதான்."

கண்ணை மூடிக்கொண்டான். ஜன்னத் கஞ்சியோடு வந்தபோது அவன் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

"என்ன சொன்னிய அண்ணே? எத்தனையோ நாளைக்குப் பொறவு இப்பதான் நல்லாத் தூங்குதாவ."

"ஒண்ணுமில்லம்மா. பழைய கம்பெனிப் பேச்சு" என்றேன்.

அந்த வாரமே காதர் போய்விட்டான். அவனிடம் நான் கடைசியாகச் சொன்னது பொய். அதைத் திருத்திச் சொல்ல அவன் இல்லை. அவன் நின்ற இடத்தில் இன்றைக்கு நிற்கிறவர்களாவது உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். காதர் மொய்தீன் அன்றைக்கு அடித்த எண்கள் எல்லாம் சரி. புள்ளியும் அதன் இடத்தில்தான் இருந்தது.